இல்லையென்றால்

சுற்றறிக்கை வந்த அன்று
கணினி அறைச் சாவியைக் காணோம்.
கணினிவழிச் சிந்தனையை எல்லாப் பாடங்களிலும் நடத்துக.
தமிழ் உட்பட என்று அடிக்கோடு வேறு.
எனக்கு யாப்பே போதும் என்று முனகிக்கொண்டு
எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தேன்.

தலைஞாயிறு.
பெயரில் மட்டும்தான் தலை,
ஆற்றுக்கு நாங்கள் வால்நுனி.

நஸீஹா எழுந்து நின்றாள், இயந்திரமாக.
சொன்னதைச் செய்வாள்.
சொல்லாததைச் செய்ய மாட்டாள்.
சிரிக்கக் கூடாது.
மற்ற முப்பத்தொரு பேரும் கட்டளை சொல்ல வேண்டும்,
ஒரு சொல்லை அசை அசையாக அவள் பிரிக்க.

"நெடில் வந்தா நேர். வெட்டு" என்றான் பூவேந்திரன்.
கரும்பலகையில் காவிரி.
கா. வெட்டினாள்.
வி.
நின்றாள்.
மின்விசிறி மூன்று சுற்றுச் சுற்றி ஓய்ந்தது,
கரண்ட் போய்விட்டது, அவள் இன்னும் நிற்கிறாள்.
குறில் வந்தால் என்ன செய்ய என்று
யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.
"அடுத்த எழுத்தப் பாத்துட்டு முடிவெடுடி!"
கத்தினாள் அமலோற்பவம்.
இருபது வருஷமாக விளக்கத் தெரியாமல்
நான் ராகம் போட்டு ஒப்பேற்றிவந்த இடம் அது.
கா, விரி. நேர் நிரை. கூவிளம்.

பிறகு நிறுத்த முடியவில்லை.
வாய்க்கால் தேமா, கடைமடை கருவிளம்.
எவனோ ஃபேன் என்று போட
ஆய்தத்தில் இயந்திரம் மறுபடி மடங்கியது.
கடைசி பெஞ்சில் குணாளன்,
கீழவாய்க்கால் முடியும் இடத்தில் நாலு மா அவர்களுக்கு,
காலையில் வீட்டில் கேட்டதையே கொடுத்தான்:
தண்ணீர் வரவில்லை.

தண், ணீர்.
வர, வில், லை.
"தேமா புளிமாங்காய்" என்றாள் நஸீஹா
முகம் மாறாமல்.
வகுப்பு வெடித்தது.
அவன் சிரிக்கவில்லை.
அலகு சரி. வாய்பாடு சரி.
வேறு என்ன திருத்த என்று தெரியாமல்
சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

அடுத்த பிரிவேளை சமூக அறிவியல்.
நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.
முறைப்பாசனம் நடத்த இன்னாசி சார்
தாழ்வாரத்தில் ஒன்பது கொட்டாங்கச்சி அடுக்கியிருந்தார்,
சத்துணவு வாளியில் முக்கால் தண்ணீர்.
கட்டளையும் அவரே எழுதி வந்திருந்தார்:
முதல் மடையைத் திற.
நிரம்பும்வரை காத்திரு.
அடை. அடுத்ததற்குப் போ.

நஸீஹாவே மறுபடியும்.
ஆறாவதில் வாளி காலி.
கவிழ்த்த வாளியோடு
ஆறாவதின் மேல் குனிந்தபடி நிற்கிறாள்.
நிரம்பும்வரை காத்திரு.
காத்திருக்கிறாள்.
"வாளியக் குடும்மா, உலை வைக்கணும்"
சமையல்கூடத்திலிருந்து ராசகிளி அக்கா.
கொடுக்கவில்லை.
அவள் கை நடுங்க ஆரம்பித்தது.

"நெரம்பலைன்னா?" என்றான் குணாளன்.
"நெரம்பலைன்னா என்ன செய்யணும்னு
எழுதவே இல்லையே சார். யார் எழுதினது இது?"
இன்னாசி சார் பாடப்புத்தகத்தைப் புரட்டினார்,
அதில் ஆறுகள் நீல நிறத்தில் நேராகக் கடலுக்குப் போயின.

அவனே சாக்பீஸ் எடுத்தான்.
எல்லாத்துக்கும் பாதிப் பாதி என்று எழுதி அழித்தான்.
ஒரு முறை தலையிலிருந்து, மறு முறை வாலிலிருந்து.
ஊற்றிப் பார்த்தார்கள்.
முதல் கொட்டாங்கச்சி காயவும்
"இது எங்க வயலுடா" என்று பூவேந்திரன் சட்டையைப் பிடித்தான்.
தரையெல்லாம் சேறு.
மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.
வாளி போனது, அன்று சோறு கால் மணி தாமதம்.

மறுநாள் சாவி கிடைத்தது,
தலைமையாசிரியரின் குடைக்குள்.
நாலு கணினியில் ஒன்று எரிந்தது.
ஒற்றை விரலால் குணாளன் தட்டினான்:
நீர்வளத்துறை உதவிப் பொறியாளர் அவர்களுக்கு.
பொருள்: ஏழு, எட்டு, ஒன்பதாம் மடைகள்.
ஐயா, ஆறாவது மடை நிரம்பவில்லை என்றால்,

காற்புள்ளி வைத்துவிட்டு
திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பக்கத்தில் நஸீஹா,
இன்று சிரிக்கலாம் அவள்,
"அடுத்த எழுத்தப் பாருடா" என்றாள்.